முசியே போட்ட சைபர்

தை மாதம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். எட்டரை மணிக்கெல்லாம் முகூர்த்தம் முடிந்துவிட்டது. டிபன், காபி எல்லாம் ஆனபிறகு பார்த்தால் தஞ்சாவூர் திரும்ப ரயிலுக்கு இன்னும் மூன்று மணி நேரம். கூட வந்திருந்த நண்பர் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். "சாரங்கபாணி சன்னதித் தெரு வரைக்கும் ஒரு நடை போய்வரலாமா சார்? ராமானுஜன் வீட்டைப் பார்த்ததே இல்லை என்றீர்களே" என்றார்.

உண்மைதான். மகாமகத்துக்கு வந்திருக்கிறேன், வெற்றிலை வாங்க வந்திருக்கிறேன், பாத்திரக் கடைக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறேன். அந்த வீட்டுக்குள் போனதில்லை. இதற்கு ஒரு காரணம் உண்டு. நான் படித்த பள்ளிக்கூடத்தில் ராமானுஜன் என்ற பெயரை யாரும் சொன்னதே கிடையாது.

நான் பிறந்தது 1948-ல், காரைக்கால் பக்கம். பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனாலும், சட்டப்படி கைமாறியது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். இடையிலிருந்த அந்த எட்டு வருஷமும் என் மாதிரிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பிரெஞ்சில்தான் நடந்தது. பூகோளத்தில் லுவார் நதியும் ரோன் நதியும் படித்தோம். கும்பகோணத்தை ஒட்டி ஓடிவரும் அரசலாறு எங்கள் ஊரில்தான் கடலில் கலக்கிறது. அதன் தண்ணீரில் குளித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவோம். தண்ணீர் வந்தது, அந்த ஊர்ப் பையனின் பெயர் வந்து சேரவில்லை.

கணக்குப் பாடத்தில் 'ஈதாந்தித்தே ரமார்க்காப்ள்' என்று மூன்று சூத்திரங்களைத் தலைகீழாகச் சொல்ல வைப்பார்கள். 'குறிப்பிடத்தக்க முற்றொருமைகள்' என்று தமிழில் சொல்லலாம். எழுத்துகளுக்கு க, ச என்றே வைத்துக்கொள்கிறேன்.

(க + ச)² = க² + 2கச + ச²
(க − ச)² = க² − 2கச + ச²
க² − ச² = (க + ச)(க − ச)

இதில் மூன்றாவதுதான் காரணிப்படுத்துவதற்கு உயிர்நாடி. 49-ஐ 51-ஆல் பெருக்க வேண்டுமா? 50-ன் வர்க்கம் 2500, அதில் ஒன்றைக் கழி, 2499. சந்தைக்குப் போனாலும் உதவும். ஆனால் இரண்டு வர்க்கங்களுக்கு நடுவே கழித்தலுக்குப் பதிலாகக் கூட்டல் இருந்தால்? க² + ச² என்றால்? எங்கள் முசியே கரும்பலகையில் அதை எழுதி, மேலே ஒரு பெருக்கல் குறி போட்டு, "ஸ ந ஸ ஃபாக்தோரிஸ் பா" என்பார். 'இது பிரியாது' என்று அர்த்தம்.

1961 என்று நினைவு. ஒரு பரீட்சையில் ஆறேழு கோவைகளைக் கொடுத்து, முடிந்தவற்றைக் காரணிப்படுத்தச் சொல்லியிருந்தார்கள். அதில் ஒன்று க² + ச². 'முடியாது' என்று எழுத வேண்டிய இடம். எனக்கு அன்றைக்கு என்ன தோன்றியதோ, க² + ச² என்பது (க + ச)²-லிருந்து 2கச-வைக் கழித்தது தானே என்று ஆரம்பித்தேன். கழித்தல் வந்துவிட்டால் மூன்றாவது சூத்திரம் வேலை செய்யுமே! 2கச-வை அதன் வர்க்கமூலத்தின் வர்க்கம் என்று வைத்து,

க² + ச² = (க + ச + √2கச)(க + ச − √2கச)

என்று முடித்தேன். சரிதானா என்று பார்க்க க-வுக்கு 8, ச-வுக்கு 1 போட்டேன். 64 + 1 = 65. அந்தப் பக்கம் 2கச = 16, அதன் மூலம் 4. ஆக 13 × 5. அதுவும் 65! உடம்பெல்லாம் ஜில்லென்று ஆனது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

தாள் திரும்பி வந்தபோது அந்தக் கணக்கின் குறுக்கே சிவப்புக் கோடு. பக்கத்தில் சைபர். கீழே 'ஈமாஜினாசியோன்!' என்று ஒரே வார்த்தை. கற்பனை என்று பொருள். வகுப்பில் வாசித்தும் காட்டினார். கொஞ்ச நாள் எனக்கு அதுவே பட்டப்பெயராக இருந்தது.

முசியேவைக் குறை சொல்ல மாட்டேன். க, ச இரண்டும் எந்த எண்ணாகவும் இருக்கலாம் என்னும்போது, உள்ளே வர்க்கமூலக் குறியை வைத்துக்கொண்டு 'காரணி' என்று சொல்வது பள்ளிக்கூடக் கணக்கில் செல்லாது. 3-ம் 2-ம் போட்டால் √12 வரும், 13 அப்படியே பிரியாமல் நிற்கும். அவர் சொன்ன விதி சரி. ஆனால் 8-ம் 1-ம் போட்டால் மட்டும் ஏன் அழகாகப் பிரிந்தது என்று நான் கேட்க நினைத்த கேள்வி அன்றைக்கு வாய்க்குள்ளேயே தங்கிவிட்டது. அதற்குப் பிறகு பிரெவே பரீட்சை, 1962, பாஷை மாறியது, இங்கிலீஷில் இரண்டு தடவை கோட் அடித்தது, கடைசியில் ஓர் அரசு அலுவலகத்தில் லோயர் டிவிஷன் கிளார்க்காகச் சேர்ந்தது எல்லாம் முன்பே எழுதியிருக்கிறேன். கணக்கு அதோடு போயிற்று. பேரேட்டில் கூட்டல் கழித்தல் மட்டும் மிச்சம்.

இந்தக் கதையை அறுபது வருஷம் கழித்து, ராமானுஜன் வீட்டைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது நண்பரிடம் சொன்னேன். அந்த வீட்டை இப்போது சாஸ்த்ரா பல்கலைக்கழகம் பராமரிக்கிறது. 2003 டிசம்பரில் அப்துல் கலாம் ஜனாதிபதியாக இருந்தபோது நாட்டுக்கு அர்ப்பணித்தார். நம் பக்கத்து அக்ரஹாரத்து வீடுகள் எப்படி இருக்குமோ அப்படியே ஓட்டு வீடு, திண்ணை. அந்தத் திண்ணையில் உட்கார்ந்து சிலேட்டில் போட்டுப் போட்டு முழங்கையால் அழித்தவர் அவர். காகிதம் வாங்கக் காசில்லை.

நண்பர் சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. பையிலிருந்த கல்யாணப் பத்திரிகையைத் திருப்பிப் பேனாவை எடுத்தார்.

"நீங்கள் போட்டது எப்போது பிரியும் சார்? 2கச முழு வர்க்கமாக இருக்கும்போது. அதற்கு வழி, க இருக்கிற இடத்தில் க², ச இருக்கிற இடத்தில் 2ச². அப்போது வர்க்கமூலம் காணாமல் போய்விடும்" என்று எழுதிக் காட்டினார்:

க⁴ + 4ச⁴ = (க² + 2ச² + 2கச)(க² + 2ச² − 2கச)

"இதற்குப் பெயரே இருக்கிறது. சோஃபி ஜெர்மேன் முற்றொருமை. ஒரு பிரெஞ்சுக்கார அம்மாள்."

அப்படியே நின்றுவிட்டேன். லாக்ரான்ஜ் பெயரைச் சொல்லிக்கொடுத்தார்கள், ஃபெர்மாவைச் சொல்லிக்கொடுத்தார்கள், பாஸ்கால் படம்கூட வகுப்பில் மாட்டியிருந்தது. சொந்த நாட்டுப் பெண்மணியின் பெயரை எங்களுக்குச் சொல்லவில்லை! அப்புறம் கும்பகோணத்துக்காரரை எங்கே சொல்லப்போகிறார்கள்?

குமாஸ்தா பாஷையில் சொன்னால் இந்த முற்றொருமை ஒரு கான்ட்ரா என்ட்ரி. இருக்கிற தொகையோடு ஒன்றைக் கூட்டி, அதையே கழித்து எழுதுகிறோம். மொத்தம் மாறாது, ஆனால் கணக்கின் முகம் மாறிவிடுகிறது. க⁴ + 4ச⁴-ல் 4க²ச²-ஐக் கூட்டினால் முழு வர்க்கம். அதையே கழித்தால் இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம். பிறகு மூன்றாவது சூத்திரம். 10004-ஐ இரண்டாகப் பிரி என்று யாராவது கேட்டால் பேப்பர் வேண்டாம். அது 10-ன் நான்காம் அடுக்கும் 4-ம். ஆகவே 122 × 82.

அந்த அம்மாளைப் பற்றி வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். 1776-ல் பாரிஸில் பிறந்தவர். 1794-ல் அங்கே எக்கோல் பொலிதெக்னிக் ஆரம்பித்தார்கள். பெண்களுக்கு இடமில்லை. வகுப்புக் குறிப்புகளை வெளியே வாங்கிப் படித்து, 'முசியே லெப்ளான்' என்ற ஆண் பெயரில் பேராசிரியர் லாக்ரான்ஜுக்கு விடைகள் அனுப்பினார். அதே பெயரில் ஜெர்மனியில் இருந்த காஸுக்கும் கடிதம் எழுதினார். 1806-ல் நெப்போலியனின் படை காஸ் இருந்த ஊரைப் பிடித்தபோது, அவருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று தெரிந்த தளபதியிடம் சொல்லி ஆள் அனுப்பினார். அதனால்தான் லெப்ளான் ஒரு பெண் என்பது காஸுக்குத் தெரியவந்தது. 1816-ல் பாரிஸ் அகாதெமியின் பரிசும் வாங்கினார், அது வேறு விஷயத்துக்கு. 1831-ல் இறந்தார். இறப்புச் சான்றிதழில் தொழில் என்ற இடத்தில் 'ராந்தியேர்' என்று எழுதியிருக்கிறார்களாம். வட்டி வருமானத்தில் வாழ்பவர் என்று அர்த்தம். எவனோ என்னைப் போல ஒரு குமாஸ்தா பூர்த்தி செய்த படிவம். முப்பத்தைந்து வருஷம் படிவம் நிரப்பியவன் என்பதால் எனக்கு அந்த வார்த்தை உறுத்துகிறது.

சரி, நான் போட்ட 65-க்கு வருகிறேன். அந்த எண் ஒரு பழைய நட்சத்திரம் என்று இப்போதுதான் தெரிகிறது. 65 = 64 + 1. 65 = 49 + 16-ம் கூட. இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக இரண்டு விதமாக எழுதலாம். ஏனென்றால் அதன் காரணிகள் 5-ம் 13-ம் தாமே வர்க்கங்களின் கூடுதல்கள்: 1 + 4, 4 + 9. அலெக்சாண்ட்ரியாவில் டயோஃபேன்டஸ் இதே 65-ஐ எடுத்து இதையே சொல்லியிருக்கிறார். நம் நாட்டில் பிரம்மகுப்தர் 628-ல் எழுதிய பிராம்மஸ்புட சித்தாந்தத்தில், 'பாவனா' என்ற பெயரில் இதைவிட விரிந்த விதி இருக்கிறது. அதன் ஒரு பகுதியாக இது வந்துவிடும்:

(க² + ச²)(ட² + ப²) = (கட − சப)² + (கப + சட)²

அதாவது வர்க்கக் கூடுதல்கள் இரண்டைப் பெருக்கினால் வருவதும் வர்க்கக் கூடுதலே. க² + ச² பிரியாது என்று கரும்பலகையில் கோடு போட்டு மூடிய கதவுக்குப் பின்னால் இவ்வளவு நடமாட்டம் இருந்திருக்கிறது. ஃபெர்மா 1640-ஆம் வருஷம் கிறிஸ்துமஸ் தினத்தில் மெர்சென் பாதிரியாருக்கு எழுதிய கடிதத்தில், நான்கால் வகுத்தால் ஒன்று மீதி வரும் பகா எண் எதுவும் இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக இருக்கும் என்று சொன்னார். 5, 13, 17, 29 எல்லாம் அப்படி. 3, 7, 11 ஆகாது. நிரூபணம் தர ஆய்லர் வரவேண்டியிருந்தது. கற்பனை எண்ணான √−1-ஐ உள்ளே விட்டால் க² + ச²-ம் (க + ச√−1)(க − ச√−1) என்று பிரிந்தே போகிறது. 5 என்ற பகா எண்கூட (2 + √−1)(2 − √−1) என்று உடைகிறது. முசியே எழுதிய 'ஈமாஜினாசியோன்' என்ற வார்த்தைக்குக் கணக்கில் இப்படி ஓர் இடம் இருப்பது அவருக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். எங்களுக்கு அந்த வயதில் வேண்டாம் என்று விட்டிருப்பார்.

இப்போது ராமானுஜன்.

அவர் 1903-ல், டவுன் ஹைஸ்கூலில் படிக்கும்போது, கார் என்பவர் எழுதிய கணிதச் சுருக்கப் புத்தகம் கையில் கிடைத்தது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. சுமார் 5000 சூத்திரங்கள், நிரூபணம் கிட்டத்தட்டக் கிடையாது. எண் போட்டு வரிசையாக வரும் அந்தச் சூத்திரங்களில் முதல் சூத்திரம் என்ன தெரியுமா? க² − ச² = (க − ச)(க + ச). எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் மூன்றாவதாகச் சொல்லிக்கொடுத்த அதேதான். வாசற்படி எல்லோருக்கும் ஒன்று. அவர் உள்ளே எவ்வளவு தூரம் போனார் என்பதுதான் விஷயம்.

போன வழியும் சுகமில்லை. 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஸ்காலர்ஷிப்போடு சேர்ந்தவர், இங்கிலீஷில் தேறாமல் அதை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. 1912 மார்ச் 1-ஆம் தேதி சென்னைத் துறைமுகத்தில், அக்கவுண்ட்ஸ் பிரிவில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா. (இங்கிலீஷில் கோட் அடித்துக் குமாஸ்தா ஆனதில் மட்டும் எனக்கும் அவருக்கும் ஒற்றுமை. அதற்கு மேல் ஒப்பிட்டால் நாக்கு அழுகிவிடும்.)

1913 ஜனவரி 16-ஆம் தேதி அந்தக் குமாஸ்தா நாற்காலியிலிருந்து கேம்பிரிட்ஜ் ஹார்டிக்கு எழுதினாரே, அந்தக் கடிதத்திலேயே வர்க்கக் கூடுதல் இருக்கிறது. ஒன்றிலிருந்து ஏதோ ஓர் எண் வரை, வர்க்கமாகவோ இரண்டு வர்க்கங்களின் கூடுதலாகவோ இருக்கும் எண்கள் எத்தனை என்பதற்கு ஒரு சூத்திரம், அதில் 0.764 என்று தொடங்கும் ஒரு மாறிலி. நான் ஒரு ராத்திரி தூக்கம் வராமல் 100 வரைக்கும் எண்ணிப் பார்த்தேன். 43 வருகிறது. பெரிய எண்களுக்குப் போகப் போக இவை எப்படி அருகிக்கொண்டே போகும் என்பதைத்தான் அந்த மாறிலி சொல்கிறது. ஜெர்மனியில் லான்டாவ் என்பவர் 1908-லேயே இதை நிரூபித்துவிட்டார். துறைமுகத்து அலுவலகத்தில் இருந்தவருக்கு அது எப்படித் தெரியும்? தன் சூத்திரம் எவ்வளவு நெருக்கமாக வரும் என்று சொன்ன இடத்தில் ராமானுஜன் கொஞ்சம் அதிகமாகச் சொல்லிவிட்டார் என்பதும் உண்டு. மாறிலி மட்டும் இருவர் பெயரையும் சேர்த்து லான்டாவ்–ராமானுஜன் மாறிலி என்று நிலைத்துவிட்டது.

நான் சொல்ல வந்தது 1917-ல் கேம்பிரிட்ஜ் தத்துவக் கழகத்தின் வெளியீட்டில் வந்த அவருடைய கட்டுரையை. பதினோரு பக்கம்.

களத்து மேட்டில் நெல் அளப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மரக்கால், படி, உழக்கு என்று சில அளவைகள் இருந்தால் எந்தக் குவியலையும் அளந்துவிடலாம். அதுபோல, வர்க்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு எந்த எண்ணையும் 'அளக்க' எத்தனை வர்க்கம் வேண்டும்? நான்கு போதும் என்று 1770-ல் லாக்ரான்ஜ் நிரூபித்தார். 7 = 4 + 1 + 1 + 1. மூன்று போதாது, 7-லேயே இடிக்கும். ராமானுஜன் ஒரு படி மேலே போனார். நான்கு வர்க்கங்களையும் அப்படியே கூட்டாமல், ஒன்றை இரண்டு மடங்காக, இன்னொன்றை ஐந்து மடங்காக என்று மடங்கு போட்டுக் கூட்டினால், எந்தெந்த மடங்குகள் எல்லா எண்ணையும் அளக்கும்? இத்தனைதான், இதற்கு மேல் கிடையாது என்று 55 வரிகள் கொண்ட பட்டியல் போட்டார். 1, 1, 1, 1 என்பதில் ஆரம்பித்து 1, 2, 5, 10 வரை.

55-ல் ஒன்று தப்பு.

1, 2, 5, 5 என்ற வரி. அது 15-ஐ அளக்காது. அமெரிக்காவில் டிக்சன் என்ற கணித அறிஞர் 1927-ல் இதை எடுத்துக் காட்டினார். அதற்கு ஏழு வருஷம் முன்பே, 1920 ஏப்ரல் 26-ல், 32 வயதில் ராமானுஜன் போய்விட்டார்.

நண்பர் இதைச் சொன்னதும் எனக்கு வயிற்றை என்னவோ செய்தது. பேரேட்டில் ஒரே ஓர் எண் இடம் மாறி விழுந்ததற்காக மெமோ வாங்கியவன் நான். மற்ற அறுநூறு பதிவும் சரியாக இருந்ததை ஒருவரும் எழுதவில்லை. இன்கிரிமென்ட் ஆறு மாதம் தள்ளிப்போனது. ஆகவே அந்த வரியில் என்ன நடந்தது என்று எனக்கு உடனே பார்க்க வேண்டியிருந்தது.

பார்த்தால், அது விதியில் வந்த தப்பே இல்லை. முதல் மூன்று மடங்குகளான 1, 2, 5 எந்த எண்களை அளக்காது என்பதற்கு அதே கட்டுரையில் ராமானுஜன் விதி கொடுத்திருக்கிறார். அந்த விதிப்படி 10-ம் விடுபடும், 15-ம் விடுபடும். நான்காவதாக இன்னொரு 5-ஐச் சேர்த்தால் 10 சரியாகிவிடுகிறது, 5-ம் 5-ம் பத்து. 15-க்கு அந்த 5-ஐ எடுத்தால் மீதி 10, அதைத்தான் 1, 2, 5 அளக்காதே! நான்காவதாக 6 முதல் 10 வரை எதைப் போட்டாலும் 15 சரியாகிவிடும். 5 மட்டும் ஆகாது. விதி சரி, ஏற்றியதில் பிழை. எங்கள் ஆபீஸ் பாஷையில் போஸ்டிங் எரர். இதைக் கண்டதும் ஏனோ எனக்கு நிம்மதியாக இருந்தது.

மற்ற 54 வரிகளும் சரி என்று எப்படித் தெரியும்? எண்களுக்கு முடிவே கிடையாதே, எல்லாவற்றையும் யார் அளந்து பார்ப்பது? இங்கேதான் கதை மறுபடி கும்பகோணத்துக்குத் திரும்புகிறது.

1993-ல் பிரின்ஸ்டனில் கான்வே என்ற பேராசிரியரும் அவருடைய மாணவர் ஷ்னீபெர்கரும் ஓர் ஆச்சரியத்தைக் கண்டார்கள். இந்த மாதிரிக் கோவை எல்லா எண்ணையும் அளக்குமா என்று அறிய ஒன்பது எண்களைச் சோதித்தால் போதும். 1, 2, 3, 5, 6, 7, 10, 14, 15. இவை ஒன்பதும் தேறினால் மீதி உலகத்து எண்கள் அத்தனையும் தேறும். ஆடிட்டில் வவுச்சர் எல்லாவற்றையும் பார்க்காமல் டெஸ்ட் செக் செய்வார்களே, அது மாதிரி. என்ன வித்தியாசம் என்றால் ஆடிட்டர் தப்பவிடுவார், இது தப்பவிடாது. அவர்களுடைய நிரூபணம் மிகச் சிக்கலாக இருந்ததால் வெளியிடவில்லை. 2000-ல் சுருக்கமாக, அழகாக நிரூபித்தவர் மஞ்சுல் பார்கவா. கனடாவில் 1974-ல் பிறந்த நம் ஆள், தபலா வாசிப்பவர். தாத்தா சமஸ்கிருத அறிஞர். அந்தத் தாத்தாவின் புத்தகங்கள் வழியாகத்தான் பிரம்மகுப்தரின் பாவனா அவருக்கு அறிமுகம் ஆயிற்றாம்.

சாஸ்த்ரா பல்கலைக்கழகம் 2005-ல் ராமானுஜன் பெயரில் ஒரு பரிசை ஆரம்பித்தது. ராமானுஜன் வாழ்ந்தது 32 வருஷம் என்பதால் வாங்குபவர் 32 வயதைத் தாண்டக் கூடாது. முதல் வருஷம் இருவருக்குக் கொடுத்தார்கள். ஒருவர் பார்கவா. மற்றவர் சென்னையைச் சேர்ந்த கண்ணன் சௌந்தரராஜன். சௌந்தரராஜனுக்கும் அந்தப் பதினோரு பக்கத்துக்கும் உறவு உண்டு. இரண்டு வர்க்கங்களோடு இன்னொரு வர்க்கத்தின் பத்து மடங்கைக் கூட்டினால் கிடைக்காத ஒற்றைப்படை எண்கள் என்று 3, 7, 21-ல் தொடங்கி 391 வரை 16 எண்களை ராமானுஜன் எழுதி, இவற்றில் ஓர் ஒழுங்கும் புலப்படவில்லை என்று விட்டுவிட்டார். பின்னால் 679-ம் 2719-ம் சேர்ந்தன. 1997-ல் சௌந்தரராஜனும் கென் ஓனோவும், இன்னும் நிரூபிக்கப்படாத ரீமான் கருதுகோளின் விரிந்த வடிவம் உண்மையானால், 2719-க்கு மேல் ஒன்றும் கிடையாது என்று காட்டினார்கள். ஒரே கட்டுரையின் இரண்டு முனைகளைப் பிடித்த இரண்டு பேர் அந்த டிசம்பரில் கும்பகோணத்தில் பரிசு வாங்கியிருக்கிறார்கள். நான் அப்போது நாற்பது கிலோமீட்டர் தள்ளித் தஞ்சாவூரில், பென்ஷன் பேப்பர்களைச் சரிபார்த்துக்கொண்டு இருந்திருப்பேன். பார்கவாவுக்கு 2014-ல் ஃபீல்ட்ஸ் பதக்கமும் கிடைத்தது.

வீட்டுக்கு வந்தபிறகு சும்மா இருக்க முடியவில்லை. பழைய டைரி ஒன்றில் 55 வரி எழுதி, ஒன்பது கட்டம் போட்டேன். 495 கட்டம். எதிர் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சார், இன்கம்டாக்ஸா?" என்றார். மூன்று சாயங்காலம் பிடித்தது. எல்லாக் கட்டத்தையும் தனித்தனியாகப் போட வேண்டியதில்லை என்று போகப் போகத் தெரிந்தது. 1, 1, 1 என்று தொடங்கும் வரிகள் ஏழு. அந்த மூன்றே 7-ஐயும் 15-ஐயும் தவிர மற்ற ஏழு எண்களையும் அளந்துவிடும். ஆகவே நான்காவது அளவை அந்த இரண்டை மட்டும் சரிக்கட்டினால் போதும். 1 முதல் 7 வரை எதுவும் சரிக்கட்டுகிறது. 8 போட்டால் 7 விட்டுப்போகும், அளவையே எண்ணைவிடப் பெரிதல்லவா! பட்டியல் ஏன் ஏழோடு நிற்கிறது என்று அப்போது கையாலேயே புரிந்தது. இரண்டாவது சாயங்காலம் பெரும்பாலும் 1, 2, 4-லேயே போயிற்று, அதில் மட்டும் பதினோரு வரி.

மூன்றாம் நாள் விளக்கு வைக்கும் நேரத்துக்கு 1, 2, 5, 5 வந்தது. தப்பு என்று தெரிந்திருந்தும், ஒருவேளை நானாவது 15-ஐக் கொண்டுவந்துவிட மாட்டேனா என்று ஒவ்வொரு சேர்க்கையாகப் போட்டுப் பார்த்தேன். வரவில்லை. ஒன்பதாவது கட்டத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு சின்னச் சைபர் போட்டேன். மீதி 494 கட்டத்திலும் நீல மையில் டிக்.

நண்பருக்குப் போன் செய்து சொன்னேன். "ஐம்பத்து நாலும் டேலி ஆயிற்றா?" என்றார். ஆயிற்று என்றேன். கல்யாணப் பத்திரிகை அவரிடமே தங்கிவிட்டது, அடுத்த முறை வரும்போது கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அதன் பின்பக்கத்தில் என் 65 இருக்கிறது.